காய்ச்சலுக்கும் ஒரு பதிவேடு

(நமது பள்ளியின் பரிசளிப்பு விழாவில் பெற்றோர் முன்னிலையில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவில் பேச எழுபவர்கள் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவதே வழக்கம். நான் இன்று காய்ச்சலைப் பற்றிப் பேசப் போகிறேன். "நல்ல நாளும் அதுவுமா டீச்சர் ஏன் இதைப் பேசுறாங்க?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. காரணம் இருக்கிறது. பரிசு வாங்க மேடை ஏறும் பிள்ளை முதலில் நலமாக இருக்க வேண்டும். அதோடு, நான் சொல்லப் போவது என் சொந்தக் குடும்பத்தில் நடந்தது. அதை நம் பெற்றோரிடம் சொல்லாமல் இருப்பது குற்றம் என்று என் மனம் சொல்கிறது.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றுதான் என் கையில் இருக்கிறது. அந்தப் பயிற்சியில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு சின்ன வேலை ஒரு குழந்தையின் இதயத்தைக் காப்பாற்ற உதவியது. அது என்ன வேலை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூரில் வேலை செய்கிறார்கள். பலர் அங்கேயே குடும்பமாகிவிட்டார்கள். என் அக்காவும் அப்படித்தான். ஜாலான் புசார் பக்கம் ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். ஜாலான் புசார் என்றால் மலாய் மொழியில் பெரிய சாலை என்று பொருள். அத்தான் அங்கே ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. அவர்களுக்கு மூன்று வயதில் ஒரு மகன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்தது சனிக்கிழமை. பையனுக்கு வியாழக்கிழமையே காய்ச்சல் தொடங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை பக்கத்துக் கிளினிக்கில் காட்டியிருந்தார்கள். தொண்டை கொஞ்சம் சிவந்திருக்கிறது என்று சொல்லிக் காய்ச்சல் மருந்தும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் கொடுத்தார்களாம். நான் போன அன்று பையனின் இரண்டு கண்களும் சிவந்திருந்தன. பீளை இல்லை, நீர் வடியவில்லை, வெறும் சிவப்பு. என்னைக் கண்டால் "சித்தி" என்று ஓடிவரும் பிள்ளை, தொட்டாலே அலறினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மார்பிலும் முதுகிலும் தடிப்பு. நம் பிள்ளைகளின் நிறத்தில் தடிப்பு சட்டென்று தெரியாது. ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வேறொரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். முதல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போலும் என்று சொல்லி அதை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அக்காவின் மாமியார், "இது மருந்தும் இல்ல, மாயமும் இல்ல. அம்மா வந்திருக்கா. ஊசி கீசி போட்டுடாதீங்க" என்று வேப்பிலைக்கு ஆள் அனுப்பினார்கள்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "ஒரு நாள் பார்க்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் சிராங்கூன் ரோட்டுக்குச் சேலை எடுக்கப் போனேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்பது போனவர்களுக்குத் தெரியும். தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் நிறம் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சேலையை இன்றுவரை மனம் ஒப்பிக் கட்ட முடியவில்லை.

திங்கட்கிழமை பையனின் உதடு சிவந்து வெடித்தது. நாக்கு ஸ்ட்ராபெரி பழம்போலச் சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தது. சோறும் இறங்கவில்லை, பாலும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை, அதாவது ஆறாம் நாள், கண் சிவப்பு மறைந்துவிட்டது. தடிப்பும் மறைந்துவிட்டது. மாமியாருக்கு மகிழ்ச்சி, "பாத்தியா, அம்மா இறங்கிட்டா" என்றார்கள். ஆனால் காய்ச்சல் மட்டும் 39.6 பாகையில் நின்றது. உள்ளங்கையும் பாதமும் உப்பிச் சிவந்திருந்தன. செருப்பு காலில் ஏறவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "என்னமோ சரியில்லடி" என்றாள். தாயின் மனம் சொன்னால் அதற்குமேல் யோசிக்கக் கூடாது. வாடகைக் காரைப் பிடித்தோம்.

புக்கிட் தீமா சாலையில், தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது கே.கே. மருத்துவமனை. கண்டாங் கெர்பாவ் என்பது அதன் பழைய பெயர். எருமைத் தொழுவம் என்று பொருள். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் எருமை மாடுகள் கட்டியிருந்ததால் வந்த பெயர். 1966-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்த பிரசவ மருத்துவமனை அது. 1997-இல் இப்போதைய கட்டடத்துக்கு மாறி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் உரிய பெரிய மருத்துவமனையாக விளங்குகிறது.

அங்கே பையனைப் பார்த்தவர் ஓர் இளம் மருத்துவர், சீனப் பெண்மணி. அவர் கண் முன் இருந்தவை மூன்றுதான்: காய்ச்சல், வெடித்த உதடு, வீங்கிய கை கால். கண்ணில் சிவப்பு இல்லை. உடம்பில் தடிப்பு இல்லை. "இதற்கு முன் வேறு என்ன இருந்தது, எந்த நாளில் இருந்தது?" என்று கேட்டார். அக்கா அழுதாள். அவளுக்கு நாள் கணக்கே மறந்துபோயிருந்தது. மூன்று இரவு தூங்காதவளுக்கு என்ன நினைவு இருக்கும்?

அப்போதுதான் என் கைப்பையில் இருந்த தாளை எடுத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை இரவு அக்காவிடம் முந்தின இரண்டு நாள் விவரத்தைக் கேட்டு, நாள்காட்டியிலிருந்து கிழித்த தாளின் பின்புறத்தில் எழுதத் தொடங்கியிருந்தேன். நாள், நேரம், காய்ச்சல் எத்தனை பாகை, கண்ணில் என்ன பார்த்தேன் என்று பள்ளிப் பதிவேடு எழுதுகிற பழக்கத்தில் கோடு போட்டு எழுதியது. மருத்துவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு பையனின் சட்டையை விலக்கி, பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி போட்ட தழும்பைப் பார்த்தார். அது சிவந்து தடித்திருந்தது. வீட்டில் ஒருவர்கூட அதைக் கவனிக்கவில்லை. அவர் நிமிர்ந்து, "இது கவாசாகி நோயாக இருக்கலாம். இன்றைக்கே சேர்க்க வேண்டும்" என்றார்.

அன்பார்ந்த பெற்றோர்களே! கவாசாகி என்றதும் நம் பிள்ளைகளுக்கு மோட்டார் சைக்கிள்தான் நினைவுக்கு வரும். இது ஒரு மருத்துவரின் பெயர். தோமிசாக்கு கவாசாகி என்னும் ஜப்பானிய குழந்தை மருத்துவர், 1961 ஜனவரியில் தோக்கியோ செஞ்சிலுவை மருத்துவமனையில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்தார். தமக்குத் தெரிந்த எந்த நோயிலும் அந்தக் காய்ச்சல் அடங்கவில்லை. பையன் குணமாகி வீடு சென்றான். நோயின் பெயர் தெரியாமலே குறிப்பை மூடவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு அதே போல இன்னொரு குழந்தை வந்தது. அன்றுமுதல் அவர் ஒவ்வொரு குழந்தையின் அறிகுறிகளையும் நாள்வாரியாக எழுதி வைத்தார். 50 குழந்தைகளின் விவரத்தைச் சேர்த்து 1967-இல் ஜப்பானிய மொழியில் வெளியிட்டார். 1974-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகே உலகம் முழுவதும் தெரிந்தது. அவர் 2020-இல் தமது 95-ஆம் வயதில் காலமானார்.

இந்த நோய் என்ன செய்கிறது? உடம்பிலுள்ள இரத்தக் குழாய்களின் சுவரில் அழற்சி உண்டாக்குகிறது. முக்கியமாக, இதயத்துக்கே இரத்தம் கொண்டுசெல்லும் நாளங்களைத் தாக்குகிறது. அவை வலுவிழந்து குமிழ்போல வீங்கலாம். அந்தக் குமிழில் இரத்தம் உறைந்தால் சின்னஞ்சிறு பிள்ளைக்கும் மாரடைப்பு வரலாம். சிகிச்சை இல்லாமல் விட்டால் நூற்றுக்கு 20 முதல் 25 குழந்தைகளுக்கு நாளங்கள் பாதிக்கப்படுகின்றன. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தால் அது நூற்றுக்கு நான்கு ஐந்தாகக் குறைகிறது. இதில் கொடுமை என்னவென்றால், மருந்தே இல்லாவிட்டாலும் காய்ச்சல் சில வாரத்தில் தானாக இறங்கிவிடும். "நல்லாயிட்டான்" என்று நாம் நிம்மதி அடைவோம். உள்ளே நாளம் வீங்கியிருப்பது வெளியே தெரியாது.

பெரும்பாலும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே வருகிறது. பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்குச் சற்று அதிகம். ஜப்பானில் மிக அதிகம் என்றாலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று எல்லா இனத்திலும் வருகிறது. காரணம் இன்னும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டும் நோய் அன்று. ஆகவே, பிள்ளையைப் பெற்றவள் மீது பழி போடாதீர்கள். "நீ குளிர்ந்த தண்ணி கொடுத்தே, நீ வெயில்ல தூக்கிட்டுப் போனே" என்று மருமகளைக் குறை சொல்லாதீர்கள்.

இந்த நோயை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இங்கேதான் நீங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டும். டெங்கிக்கு இரத்தப் பரிசோதனை இருக்கிறது. மலேரியாவுக்கு இருக்கிறது. கவாசாகி நோய்க்கென்று தனியாக ஒரு பரிசோதனை இல்லை. ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் காய்ச்சல். அதோடு ஐந்து அறிகுறிகளில் நான்காவது இருந்தால் இந்த நோய் என்று முடிவு செய்கிறார்கள். அந்த ஐந்தையும் சொல்கிறேன். கை விரலை மடக்கி எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒன்று, கண்: இரண்டு கண்ணும் சிவந்திருக்கும், பீளை கட்டாது.

இரண்டு, வாய்: உதடு சிவந்து வெடிக்கும், நாக்கு சிவந்து புள்ளி புள்ளியாக இருக்கும்.

மூன்று, தோல்: உடம்பில் தடிப்பு.

நான்கு, கை கால்: உள்ளங்கை, பாதம் சிவந்து வீங்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து விரல் நுனியில் நகத்தை ஒட்டித் தோல் உரியும்.

ஐந்து, கழுத்து: பெரும்பாலும் ஒரு பக்கத்தில் நெறி கட்டி நிற்கும்.

நம் நாட்டிலும் சிங்கப்பூரிலும் பிறந்தவுடன் காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அந்தத் தழும்பு சிவந்து தடித்தால் அதுவும் ஒரு நல்ல தடயம். தோல் உரிவது கடைசியில் வரும் அடையாளம். அதற்காகக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

இந்த ஐந்தும் ஒரே நாளில் வரிசையாக வந்து நிற்பதில்லை. நம் தோட்டத்துப் பெரட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் இன்று வருவார், நாளை வரமாட்டார். இன்னொருவர் நாளை வருவார். ஒரே ஒரு நாள் பெரட்டுக்களத்தில் நின்று பார்த்த புது ஆளுக்கு, மொத்தம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று எப்படித் தெரியும்? கிராணியாரின் செக்ரோலைப் பார்த்தால்தான் தெரியும். அதேபோல, வெள்ளிக்கிழமை பார்த்த மருத்துவருக்குத் தொண்டைதான் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்த்தவருக்குத் தடிப்புதான் பெரிதாகத் தெரிந்தது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் ஆளுக்கு ஒரு நாள் பார்த்தார்கள். எல்லா நாளும் பார்த்தது வீட்டில் இருந்த நாங்கள்தான். பார்த்ததைச் சேர்த்துச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அக்கா மகனுக்கு அன்றே இரத்தமும் சிறுநீரும் எடுத்தார்கள். இரத்தத்தில் அழற்சியின் அளவு மிகுந்திருந்தது. எக்கோ என்னும் ஒலி அலைப் படம் எடுத்ததில், இதய நாளம் ஒன்று சற்றே விரிந்திருந்தது. மறுநாள், ஏழாம் நாள் இரவு, நரம்பு வழியாக இம்யூனோகுளோபுலின் என்னும் மருந்தை ஏற்றினார்கள். உடல் எடை ஒரு கிலோவுக்கு 2 கிராம் வீதம், ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏறியது. 1980-களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளால் நிலைபெற்ற சிகிச்சை இது. காய்ச்சல் தொடங்கிய பத்து நாளுக்குள் கொடுத்தால் பலன் அதிகம். இந்த மருந்து ஆயிரக்கணக்கானோர் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுக்கப்படுகிறது. முகம் தெரியாத அத்தனை பேரின் இரத்தத்தில் என் அக்கா மகன் பிழைத்தான். நம் தோட்டத்தில் இரத்த தான முகாம் போடும்போது "ஊசின்னா பயம்" என்று ஒளியும் இளைஞர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

மறுநாள் விடிகாலையில் பையன் கண் விழித்து, "சித்தி, மைலோ வேணும்" என்றான். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு அழுதோம். இரண்டு வாரம் கழித்து விரல் நுனித் தோல் உரிந்தது. குறைந்த அளவு ஆஸ்பிரின் சில வாரம் கொடுத்தார்கள். எட்டாம் வாரம் எடுத்த எக்கோ படத்தில் நாளம் பழைய நிலைக்கு வந்திருந்தது. இந்த மருந்து ஏற்றிய பிள்ளைக்குத் தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளைப் பதினொரு மாதம் தள்ளிப் போட வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. ஆஸ்பிரின் என்று சொன்னேன் அல்லவா? அதை மருத்துவர் சொல்லாமல் எந்தப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். டெங்கியாக இருந்தால் இரத்தக் கசிவு அதிகமாகும். வேறு காய்ச்சலிலும் கல்லீரலுக்கும் மூளைக்கும் கேடு வரலாம்.

இன்னொன்று. எல்லாக் காய்ச்சலும் கவாசாகி அன்று. கண் சிவப்பும் தடிப்பும் தட்டம்மையிலும் வரும். கை கால் வாய் நோயில் கொப்புளம் வரும். டெங்கியிலும் தடிப்பு வரும். நூற்றில் பெரும்பாலான காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலே. 2020-இல் கோவிட் பரவியபோது, அந்த நோய் வந்துபோன சில வாரங்களில் சில பிள்ளைகளுக்குக் கவாசாகி போன்ற கடும் அழற்சிக் காய்ச்சல் வந்ததை முதலில் இங்கிலாந்து மருத்துவர்கள் எச்சரித்தார்கள். சென்னைக் குழந்தை மருத்துவமனைகளிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் சேர்க்கப்பட்டார்கள். ஆகவே, எது எந்தக் காய்ச்சல் என்று பிரித்தறிவது மருத்துவர் வேலை. நம் வேலை, நாளை எண்ணுவது.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இந்த ஐந்து அறிகுறிகளும் சரியாக வராமலே போகலாம். வெறும் காய்ச்சலும் ஓயாத அழுகையும் மட்டும் இருக்கலாம். அந்தக் குழந்தைகளுக்குத்தான் இதயப் பாதிப்பு அதிகம். பச்சைக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஐந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கக் கூடாது. அன்றே கொண்டு போக வேண்டும்.

வேப்பிலை கட்டுவதை நான் தடுக்கவில்லை. அம்மனைக் கும்பிடுவதையும் தடுக்கவில்லை. என் தாயும் எனக்கு வேப்பிலை கட்டியவர்தான். வாசலில் வேப்பிலை இருக்கட்டும். பிள்ளை மருத்துவமனையில் இருக்கட்டும். எந்த அம்மனும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டாதே என்று சொன்னதில்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் போகும் என்பதும் எனக்குத் தெரியும். நானும் தோட்டத்து லயத்தில் வளர்ந்தவள்தான். ஒரு நாள் சம்பளத்தை அடுத்த மாதம் சேர்த்துவிடலாம். கடந்துபோன பத்தாம் நாளைத் திருப்பிக் கொண்டுவர முடியாது.

ஆகவே, நான் தொடக்கத்தில் சொல்லாமல் வைத்த அந்தச் சின்ன வேலையை இப்போது சொல்கிறேன். பதிவேடு எழுதுவது. அவ்வளவுதான். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாளே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தில் கோடு போடுங்கள். நாள், நேரம், காய்ச்சல் அளவு, கொடுத்த மருந்து. பிறகு கண், வாய், தோல், கை கால், கழுத்து என்று ஐந்து கட்டம். பார்த்தால் ஒரு கோடு. பார்க்காவிட்டால் காலியாக விடுங்கள். கைத்தொலைபேசி இருந்தால் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐந்தாம் நாளும் காய்ச்சல் நின்றால் அந்த நோட்டோடு பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். அறிகுறிகள் கூடிக்கொண்டே போனால் ஐந்தாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம், "ஐயா, இது கவாசாகியாக இருக்குமா?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால் யார் எழுதுவது? என் மாணவச் செல்வங்களே, நீங்கள்தான். தம்பிக்கோ தங்கைக்கோ காய்ச்சல் என்றால் பதிவேடு எழுதுவது உங்கள் பொறுப்பு. இன்று பரிசாக நோட்டுப் புத்தகம் வாங்கிப் போகிறவர்கள் அதன் கடைசித் தாளில் இன்றிரவே ஐந்து கட்டம் போட்டு வையுங்கள். அந்தத் தாள் என்றும் காலியாகவே இருக்கட்டும் என்று வாழ்த்துகிறேன். தேவைப்படும் நாளில் அது கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.